வாழைப்பழத்துக்குச் சளி பிடிக்குமா?

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வந்தது. தெருவிலேயே அது இரண்டாவது ஃப்ரிட்ஜ். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தையிலிருந்து வந்து பையைக் கவிழ்த்ததும், "நான் அடுக்குறேன், நான் அடுக்குறேன்" என்று முந்திக்கொண்டு ஓடினேன். தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், ஒரு கட்டு கொத்தமல்லி, கத்தரிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், நான்கைந்து கொய்யா. எல்லாவற்றையும் குழாயடியில் நன்றாகக் கழுவி, சொட்டச் சொட்ட உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். இனி ஒரு வாரத்துக்கு எதுவும் கெடாது என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும்விட்டேன்.

நான்காம் நாள் கதவைத் திறந்தால் வாழைப்பழம் கன்னங்கரேலென்று இருந்தது. கத்தரிக்காய்த் தோலில் அங்கங்கே குழி. கொத்தமல்லி ஒரு பக்கம் மஞ்சளாகி, மறுபக்கம் கூழாகிக் கிடந்தது. நான் முகம் தொங்கிப்போய் நின்றதைப் பார்த்து அப்பத்தா சொன்னார்: "ஏண்டி ஆத்தா, வாழப்பழத்தக் கொண்டுபோயி குளிருக்குள்ள வச்சா அதுக்குச் சளி பிடிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிற்பாடு தாவரவியல் படிக்கும்போதுதான் தெரிந்தது, அப்பத்தா சொன்னது முக்கால்வாசி சரி என்று.

சந்தையிலிருந்து நாம் தூக்கிவருகிற கேரட்டும் வெண்டைக்காயும் உயிரோடுதான் இருக்கின்றன. செடியிலிருந்து பறித்துவிட்டார்கள், அவ்வளவுதான். உள்ளே செல்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நம்மைப் போலவே மூச்சும் விடுகின்றன. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. நம்ப முடியவில்லையா? சந்தையில் பச்சைப் பட்டாணி மூட்டையைப் பார்த்தால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நடுவில் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருக்கும். பட்டாணிகளின் மூச்சுச் சூடு அது.

செடியில் இருந்தவரை இலை உணவு சமைத்து அனுப்பியது, வேர் தண்ணீர் அனுப்பியது. இப்போது இரண்டு வரவும் நின்றுவிட்டன. கையிருப்பைச் செலவழித்துத்தான் நாளை ஓட்ட வேண்டும். அந்தச் செலவின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெப்பநிலைதான். 10 டிகிரி ஏறினால் மூச்சு இரண்டு மடங்காகும், சில காய்களில் மூன்று மடங்கும் ஆகும். சித்திரை மாதத்துச் சமையலறையில் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரி. பத்துப் பத்தாக மூன்று படி. இரண்டால் பெருக்கிக்கொண்டே வாருங்கள்: 2, 4, 8. ஃப்ரிட்ஜில் எட்டு நாளைக்கு வைத்துச் சாப்பிடுகிற சர்க்கரையை, சமையல் மேடையில் கிடக்கும் காய் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடுகிறது!

பறித்து அதிக நேரம் ஆகாத காயாக வாங்கினால் பாதிக் கவலை விட்டது. அதற்கு உழவர் சந்தை நல்ல இடம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. உங்கள் நாள் அது, குழந்தைகள் தினம்.

அடுத்தது தாகம். 100 கிராம் வெள்ளரிக்காயில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர்தான். தக்காளியில் 94, பாலக்கீரையில் 91, கடினமாகத் தெரிகிற கேரட்டில்கூட 88. காற்றடித்த கால்பந்து விறைப்பாக இருக்கிறதே, அதைப் போலத் தண்ணீர் நிரம்பிய ஒவ்வொரு செல்லும் விறைத்து நிற்பதால்தான் கேரட் 'படக்'கென்று உடைகிறது. தண்ணீர் குறையக் குறைய பந்திலிருந்து காற்று இறங்கிய கதைதான். கீரைக்கட்டு தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை இழந்தாலே துவண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

இலையோடு கேரட்டோ முள்ளங்கியோ வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் இலையை நறுக்கிவிடுங்கள். இலை தன் நுண்துளைகள் வழியாக நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வேண்டிய தண்ணீரைக் கிழங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். நாம் இலை அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால், இரண்டே நாளில் கேரட் ரப்பர் மாதிரி வளையும். வெட்டிய முள்ளங்கிக் கீரையை எறிந்துவிடாதீர்கள், பொரியலுக்கு அருமையாக இருக்கும். (என் தம்பி இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.)

தண்ணீர்தானே வேண்டும் என்று நான் செய்தது போலக் கழுவி ஈரத்தோடு வைக்கலாமா? கூடாது. அதில்தான் கொத்தமல்லி கூழானது. காயைச் சுற்றி இருக்கிற காற்றில் ஈரம் வேண்டும். காயின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காய்களின் மேலும் எப்போதும் உட்கார்ந்திருக்கின்றன. அவை முளைப்பதற்குக் காத்திருப்பது அந்த நீர்ப்படலத்துக்காகத்தான். சமைக்கப்போகும்போது கழுவினால் போதும். ஃப்ரிட்ஜின் அடியில் காய்கறிக்கென்று மூடிய தட்டு ஒன்று இருக்கிறதல்லவா? ஃப்ரிட்ஜின் காற்று வறண்டது. அதிலுள்ள ஈரமெல்லாம் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்களில் படிந்துவிடும். அந்த மூடிய தட்டுக்குள் மட்டும் காய்கள் விட்ட ஈரம் காய்களிடமே தங்கும்.

கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் எங்கள் வீட்டு வைத்தியம் பழைய வேட்டித் துணி. அழுகின தழையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, துணியில் தளரச் சுருட்டி, டப்பாவில் வைத்துவிட்டால் போதும். மிஞ்சிய ஈரத்தைத் துணி வாங்கிக்கொள்ளும், தழை காயாமலும் பார்த்துக்கொள்ளும். செய்தித்தாளில் சுருட்டுகிறவர்கள் உண்டு. அச்சு மை தழையில் ஒட்டும், வேண்டாம். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிடுங்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். தேங்காய்க்கு இதற்கு நேர்மாறு. அதன் மூன்று கண்களில் ஒன்று மெல்லியது. குடுமியைப் பிய்த்துவிட்டால் காற்றும் பூஞ்சையும் உள்ளே போக வாசல் திறந்துவிட்டது போல. உடைக்கிற வரைக்கும் குடுமி இருக்கட்டும்.

இனி அப்பத்தாவின் சளிக்கு வருவோம்.

எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறிகளை இரண்டு சாதியாகச் சொல்வார்கள்: நாட்டுக் காய், இங்கிலீஷ் காய். கத்தரி, வெண்டை, புடலை, அவரை, பூசணி எல்லாம் நாட்டுக் காய். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், காலிஃபிளவர் எல்லாம் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் லாரியில் வருகிற இங்கிலீஷ் காய். 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிட வைத்தார். 'இங்கிலீஷ் காய்' என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

இந்தச் சந்தைப் பிரிவினைக்குள்ளே அறிவியல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு காயும் தன் முன்னோர் எந்தத் தட்பவெப்பத்தில் வாழ்ந்தார்களோ அதைத் தன் செல்களில் சுமந்துகொண்டிருக்கிறது. கேரட்டின் பாட்டன் பூட்டன் மத்திய ஆசியாவின் குளிரில் வளர்ந்தவர்கள். முட்டைக்கோஸ் ஐரோப்பாக் கடற்கரைக்காரர். இவர்களுக்கு ஃப்ரிட்ஜ் என்பது சொந்த ஊர். 0 டிகிரியை ஒட்டி வைத்தாலும் சுகமாக இருப்பார்கள். பட்டாணி, ஆப்பிள், திராட்சையும் இந்தக் கட்சிதான். வெப்ப மண்டலத்தில் பிறந்த கத்தரியும் வெள்ளரியும் 10 டிகிரிக்குக் கீழே போனால் நடுங்க ஆரம்பிக்கும். வாழைக்கும் மாங்காய்க்கும் 13 டிகிரியே எல்லை.

நடுங்குவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். முந்தின நாள் வரை தண்ணீராக ஓடியது வெள்ளையாக உறைந்து கிடக்கும். நல்லெண்ணெய் பக்கத்திலேயே இருக்கும், அது உறையாது. எல்லாச் செல்களையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று இருக்கிறது. குளிர்நாட்டுக் காய்களின் சவ்வு நல்லெண்ணெய் ஜாதி, குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும். வாழையின் சவ்வு தேங்காய் எண்ணெய் ஜாதி. குளிரில் விறைத்து, ஓட்டை விழுந்து, உள்ளே தனித்தனி அறைகளில் இருந்த பொருள்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாழைத்தோலில் இருக்கும் ஃபீனால் என்கிற பொருளும் அதைக் கறுக்க வைக்கிற நொதியும் அப்படித்தான் சந்தித்துக்கொள்கின்றன. வெட்டிவைத்த வாழைக்காயும் ஆப்பிளும் கறுப்பதும் இதே வேதியியல்தான். அங்கே சவ்வைக் கிழிப்பது கத்தி, இங்கே குளிர். நான் அன்றைக்கு அந்தக் கறுத்த பழங்களைத் தூக்கி எறியப் போனேன். அப்பத்தா ஒன்றை உரித்துக் காட்டினார். உள்ளே பழம் வெள்ளையாக, நன்றாகவே இருந்தது.

தக்காளிக்கு வேறு விதமான கஷ்டம். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, வாசனை போய்விடும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தக்காளியை ஆராய்கிறவர்கள் 2016-ல் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரம் 5 டிகிரியில் இருந்தால், வாசனைப் பொருள்களைத் தயாரிக்கிற மரபணுக்கள் சில வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. வெளியே எடுத்துவைத்த பிறகும் பழைய மணம் முழுதாகத் திரும்புவதில்லை. காயாக இருக்கிற தக்காளி வெளியே கூடையிலேயே பழுக்கட்டும். நன்றாகப் பழுத்துக் கனிந்ததும், இனித் தாங்காது என்கிற நிலையில் உள்ளே வையுங்கள். மாம்பழத்துக்கும் இதே விதி.

அப்படியானால் கத்தரியையும் வெண்டையையும் ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாதா? வீட்டில் 36 டிகிரி கொதிக்கிறபோது அப்படிச் சொல்வது நியாயமில்லை. குளிர் உடனே கொல்வதில்லை, நாள்கணக்கில் சேர்ந்துதான் கெடுதல் செய்கிறது. ஒரு துணிப்பையில் போட்டு உள்ளே வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. மஞ்சப்பைக்கு நல்ல வேலை இது.

உருளைக்கிழங்கு மட்டும் எனக்கு இன்றைக்கும் வேடிக்கை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர், ஊட்டியில் விளைகிறவர், குளிர் ஒத்துக்கொள்ள வேண்டியவர்தானே? ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற ஆரம்பித்துவிடுகிறார். அந்தக் கிழங்கை வறுத்தால் சீக்கிரம் கருகி, கசந்துபோகும். அக்ரிலமைடு என்கிற வேண்டாத பொருளும் கூடுதலாகச் சேரும். வெளியே வைக்கலாம், வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. வெயில் பட்டால், தான் மண்ணுக்கு மேலே வந்த தண்டாக்கும் என்று நினைத்துக்கொண்டு பச்சையம் உண்டாக்கும், கூடவே சோலனின் என்கிற நஞ்சையும். உருளைக்கிழங்கு உண்மையிலேயே ஒரு தண்டுதான் என்பதால் அது நினைப்பதில் தப்பில்லை. பச்சை படர்ந்த கிழங்கைச் சமைக்காதீர்கள். இருட்டான மூலையில் ஒரு சாக்குப்பை போதும் அதற்கு.

அதே சாக்கில் வெங்காயத்தைப் போட்டுவிடாதீர்கள். கிழங்கு விடுகிற ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது. வெங்காயத்துக்கு வேண்டியது வறண்ட காற்றோட்டம். பெரம்பலூர், பல்லடம் பக்கம் போனால் வயல் ஓரத்தில் பட்டறைகளைப் பார்க்கலாம். தரையிலிருந்து உயர்த்தி, பக்கமெல்லாம் காற்றுப் புகும்படி தட்டியடித்து, மேலே கூரை வேய்ந்து, சின்ன வெங்காயத்தை அதில் கொட்டிவைப்பார்கள். நல்ல விலை வருகிற வரைக்கும் சில மாதம் அப்படியே இருக்கும். மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது. காய்ந்த மேல்தோலும் காற்றும்தான் காவல். உங்கள் வீட்டில் கம்பிக் கூடை ஒன்று தொங்கவிட்டால் அதுதான் உங்கள் பட்டறை.

சரி, என் கொத்தமல்லியில் பாதி அழுகியது ஈரத்தால். மற்றப் பாதி ஏன் மஞ்சளானது? அந்தக் குற்றவாளியைக் கண்ணால் பார்க்க முடியாது.

1901. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். திமித்ரி நெல்யூபோவ் என்கிற மாணவர் ஆய்வகத்தில் பட்டாணி நாற்று வளர்க்கிறார். நாற்றுகள் மேலே போகாமல் தடித்து, குட்டையாகி, படுத்தபடி பக்கவாட்டில் வளர்கின்றன. வெளிக்காற்றில் வைத்தால் ஒழுங்காக நிமிர்கின்றன. ஆய்வகக் காற்றில் அப்படி என்ன? அந்தக் காலத்தில் விளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. தெருவிளக்கு வாயு கசிகிற இடத்தில் மரங்கள் இலையுதிர்ப்பதை மக்களும் கவனித்திருந்தார்கள். நெல்யூபோவ் அந்த வாயுவிலிருந்து குற்றவாளியைப் பிரித்துக் காட்டினார்: எத்திலீன். இதைவிடப் பெரிய வியப்பு 1934-ல் வந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் என்பவர், பழுக்கிற ஆப்பிள்களே இந்த எத்திலீனைத் தயாரித்து வெளியே விடுகின்றன என்று நிரூபித்தார். 'பழுத்துக்கொள்' என்று பழம் தனக்கும் பக்கத்துப் பழத்துக்கும் சொல்லியனுப்புகிற சேதி அது.

நம் ஊர் வாழை மண்டிகளில் தார்களை அடைத்த அறையிலோ குழியிலோ அடுக்கி, புகை போட்டு மூடுவார்கள். மூட்டம் என்பார்கள், தெற்கே ஊத்தம் என்பார்கள். புகையில் எத்திலீன் இருக்கிறது. அந்தப் பெயர் தெரியாமலேயே எத்தனையோ தலைமுறை அதைப் பயன்படுத்தியிருக்கிறது. மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துவைப்பதும் இதனால்தான். மாங்காய் விடுகிற வாயு சிதறாமல் அரிசிக்குள்ளேயே நிற்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது வேறு. அதிலிருந்து வருவது அசிட்டிலீன், கூடவே ஆர்சனிக் போன்ற நஞ்சும் கலந்திருக்கலாம். இந்தியாவில் அதற்குத் தடை. எத்திலீனை 10 லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது.

எல்லாப் பழமும் இந்தச் சேதிக்குக் காது கொடுப்பதில்லை. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, தக்காளி, கொய்யா ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி பறித்தது பறித்ததுதான். புளித்த திராட்சையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் இனிக்காது.

பழத்துக்கு நல்ல சேதியாக இருப்பது கீரைக்குக் கெட்ட சேதி. எத்திலீன் பட்டால் இலை வயதாகி மஞ்சளாகும், கேரட்டில் கசப்பு ஏறும், வெள்ளரி பழுத்து மஞ்சளிக்கும். நான் கொத்தமல்லிக் கட்டின் மேலேயே கொய்யாப்பழங்களை அடுக்கிவைத்திருந்தேன்! பழத்தட்டு வேறு, கீரைத்தட்டு வேறு என்று பிரித்துவிட்டாலே வீட்டில் பாதிக் கீரை பிழைக்கும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு என்ன வழி? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்துளைகளில் கசிகிற நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த முகமது பா அப்பா, பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஈர மணலைக் கொட்டி, மேலே ஈரத்துணி போட்டு மூடினார். மூன்று நாளில் வாடுகிற கத்தரிக்காய் அதற்குள் 27 நாள் தாங்கியது. 2000-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. குஜராத்தின் வான்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற மண்பாண்டக் கலைஞர் களிமண்ணாலேயே ஒரு ஃப்ரிட்ஜ் செய்து விற்கிறார். பானைக்குள் 5 டிகிரி வராது. நம் நாட்டுக் காய்களுக்கு அந்த மிதமான குளிர்தான் பிடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வறண்ட காற்று அடிக்கிற கரூரிலும் மதுரையிலும் இந்தப் பானை நன்றாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கிற சென்னைக் கடற்கரையில் ஆவியாவது குறைவு, அதனால் குளிர்ச்சியும் குறைவு.

இந்த மாதத்துக்கு ஒரு சோதனை. ஒரே அளவில் ஆறு சப்போட்டாக்காய் வாங்குங்கள். இரண்டை மேசைமேல் வையுங்கள். இரண்டைக் காகிதப் பையில் போட்டு வாயைச் சுருட்டுங்கள். மீதி இரண்டை இன்னொரு காகிதப் பையில், நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தோடு போடுங்கள். தினம் ஒருமுறை மெல்ல அழுத்திப் பார்த்து நோட்டில் குறியுங்கள். எது முதலில் கனிந்தது, எத்தனை நாள் வித்தியாசம் என்று எங்களுக்கு எழுதுங்கள். ஆறு பழத்தையும் யார் சாப்பிட்டார்கள் என்றும் எழுதுங்கள்.

அப்பத்தா வாழைச் சீப்பை ஜன்னலோரம் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். நானும் இன்றைக்கு அப்படித்தான் செய்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சந்தைப் பையை நானே அடுக்குகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழுவ மட்டும் வேண்டாம்.